சங்கு அறுபடவில்லை

மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் முக்கியமான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

“எங்க வீட்டுக்காரருக்கு 44 வயசு. விசைப்படகு வேலை. பிப்ரவரியில படகு ஜெட்டியில கால் வழுக்கி விழுந்து தலையில அடி. 25 நாள் ஐசியுவுல இருந்தார். ஒன்பதாவது நாள் தொண்டையில ஓட்டை போட்டு டியூப் வச்சாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது சில்வர் டியூப் மாத்தி அனுப்பிட்டாங்க. வந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. நல்லா நடக்கிறார், ஆளை அடையாளம் தெரியுது, கையால எல்லாம் சொல்றார். ஆனா சத்தமே வரல, வாய் மட்டும் அசையுது. ‘சங்கை அறுத்துட்டாங்களே, இனி எங்கே பேசப்போறான்’னு என் மாமியார் தினமும் அழறாங்க. போன வாரம் தண்ணி குடிச்சப்ப இருமல் வந்து டியூப் வழியா தண்ணி தெறிச்சுது. பயந்துட்டேன். ஜூன் 14-ஓட தடைக்காலம் முடியுது. 15-ம் தேதி போட்டுல போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். போகலாமா? டியூப்பை எப்ப எடுப்பாங்க? இனி எடுக்கவே முடியாதுன்னு சிலபேர் சொல்றாங்க, நெசமா?”

சகோதரி, மீன்பிடித் தடைக்காலம் முடியக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் டியூப் வழியாகத் தெறித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றுக்காகவே இந்த வாரம் அவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன். பதில் நீளும். டிஸ்சார்ஜ் நாளில் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது இது.

முதலில் உங்கள் மாமியாரின் கண்ணீருக்கு வருகிறேன். சங்கு அறுபடவில்லை.

உங்கள் விரலை உங்கள் கழுத்தின் முன்பக்கம் வையுங்கள். மோவாய்க்குக் கீழே தடவிக்கொண்டு இறங்கினால் ஒரு மேடு தட்டுப்படும். ஆண்களுக்கு அது துருத்திக்கொண்டு கண்ணுக்கே தெரியும். எச்சிலை விழுங்குங்கள், அந்த மேடு ஏறி இறங்கும். நம் பக்கம் சங்கு என்று சொல்வது அதைத்தான். குரல்வளை அது. குரல் நாண்கள் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் விரலை இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம், அதற்கடுத்து கெட்டியாக ஒரு வளையம். முத்திரை மோதிரத்தைத் திருப்பிப் போட்டதுபோல் முன்னால் ஒல்லியாகவும் பின்னால் அகலமாகவும் இருக்கும் குருத்தெலும்பு அது. மூச்சு போகும் பாதை முழுவதிலும் சுற்றிலும் மூடிய முழு வளையம் அது ஒன்றுதான். மூச்சுக்குழல் தொடங்குவது அதற்கும் கீழேதான். அங்கிருந்து நெஞ்செலும்பின் மேல் உள்ள குழிவரை விரலால் தடவிப் பார்க்கலாம். மிச்சம் நெஞ்சுக்குள் போய்விடுகிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஓட்டை போட்டது மூச்சுக்குழலில். வழக்கமாக இரண்டாவது, மூன்றாவது வளையங்களுக்கு நடுவிலோ, அதற்கு அடுத்த இடைவெளியிலோ போடுவோம். வேண்டுமென்றேதான் மேலே போகாமல் கீழே தள்ளி ஓட்டை போடுகிறோம். அந்த முழு வளையத்துக்கு அருகில் கை வைத்தால் பிற்காலத்தில் பாதை சுருங்கிவிடலாம். குரல் நாண்கள் அதற்கும் மேலே, கத்தி போகாத இடத்தில் இருக்கின்றன.

அப்படியானால் சத்தம் ஏன் வரவில்லை? நாதஸ்வரத்தில் சீவாளி நன்றாகத்தான் இருக்கிறது, ஊதுகிற காற்று சீவாளிக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலிலிருந்து ஏறி வருகிற காற்று, குரல் நாண்களைத் தொடுவதற்கு முன்பே டியூப் வழியாக வெளியேறிவிடுகிறது. நாண்கள் அதிர்வதற்குக் காற்று இல்லை. உதடும் நாக்கும் பழக்கத்தில் அசைகின்றன, ஓசைதான் இல்லை. ஓட்டையை அடைத்தால் காற்று பழைய பாதையில் மேலே ஏறும், குரலும் வரும். தலையில் பட்ட அடியோ, வாய்வழியாக ஒன்பது நாள் இருந்த டியூபோ நாண்களுக்கோ அவற்றின் நரம்புக்கோ ஏதாவது செய்திருக்கிறதா என்பதைக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாய் அசைகிறது, புரிந்து பதில் சொல்கிறார் என்று நீங்கள் எழுதியிருப்பது நம்பிக்கை தருகிறது.

இந்தக் குழாய் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் கடிதத்தில் உள்ள பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு மூச்சுக்குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே அகலம். 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். பால்சுறா புட்டுக்குச் சுறாவை வேகவைத்து உதிர்க்கும்போது நடுவில் வளைகிற மாதிரி ஒரு தண்டு வருமே, அந்தச் சாமான்தான் குருத்தெலும்பு. எலும்பைப் போல முறியாது, சதையைப் போலத் தொய்யாது. சுறாவுக்கு எலும்புக்கூடு முழுக்க அதுதான். நமக்கு மூக்கு நுனியிலும் காது மடலிலும் மூச்சுக்குழலிலும் இன்னும் சில இடங்களிலும் இருக்கிறது.

வளையம் எதற்கு? பம்புசெட்டைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை உறிஞ்சுகிற பக்கத்து ஹோஸ் விறைப்பாக, வளையம் வளையமாக இருக்கும். தண்ணீரைத் தள்ளுகிற பக்கத்து ஹோஸ் சும்மா துணிபோல் சப்பையாகக் கிடக்கும், தண்ணீர் வந்தால்தான் உப்பும். உறிஞ்சுகிற பக்கம் சப்பை ஹோஸைப் போட்டால் உறிஞ்சும்போதே ஒட்டிக்கொண்டு பம்பு நின்றுபோகும். நம் கழுத்திலும் அதே கதைதான். மூச்சுக்குழல் உறிஞ்சும் ஹோஸ். அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இறங்குகிற உணவுக்குழல் சப்பை ஹோஸ், கவளம் வரும்போது மட்டும் விரியும்.

ஆனால் மூச்சுக்குழல் வளையங்கள் முழு வட்டம் இல்லை. குதிரை லாடம்போல் பின்பக்கம் திறந்தவை. அந்தத் திறப்பை மெல்லிய தசைத் தகடு ஒன்று மூடியிருக்கும். பெரிய கவளம் உணவுக்குழலில் இறங்கும்போது இந்த மெத்தென்ற சுவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இருமும்போது இதே தசை இறுகிக் குழாயைக் குறுக்கும். குறுகிய பாதையில் காற்று வேகமெடுத்துச் சளியைப் பிய்த்துக்கொண்டு வரும். ஹோஸ் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரம் பாய்கிறதே, அந்த வித்தைதான்.

உள்பக்கத்தில் வழுவழுப்பான ஈரத்தோல். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டைக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்காது. மேலே வந்த சளியைத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். இந்த மயிர்களை மயங்கவைக்க ஒரு பீடி போதும். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இனி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பற்றவைக்கவும் கூடாது.

அடுத்தது மூக்கு. ஒரு நாளில் நாம் இழுக்கிற காற்று சுமார் 10,000 லிட்டர். அத்தனையையும் சூடாக்கி, ஈரப்படுத்தி, சலித்து அனுப்புவது மூக்கும் தொண்டையும். இப்போது அவருக்கு அந்த வாசல் வழியில் இல்லை. காற்று நேராக மூச்சுக்குழலுக்குள் விழுகிறது. வாசனை தெரியவில்லை, கருவாட்டுக் குழம்புகூட மணக்கவில்லை என்று அவர் சைகை காட்டினால் கவலைப்பட வேண்டாம், மூக்கு வழியாகக் காற்று போகாததுதான் காரணம். கவலைப்பட வேண்டியது ஈரம் போவதைப் பற்றி. ஈரம் குறைந்தால் நுண்மயிர் ஓடாது, சளி இறுகும், இறுகிய சளி டியூப்பை அடைக்கும்.

டியூப் வைத்தவர்களுக்கு வீட்டில் வருகிற பெரிய ஆபத்து இந்த அடைப்புதான். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு விடியற்காலை, தொண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை வேனில் போட்டுத் தூக்கிவந்தார்கள். உதடு நீலம். மகன் டியூப்பின் வாயில் ஊதிக்கொண்டே வந்திருக்கிறான், காற்று இறங்கவில்லை. பூட்டைத் திருப்பி உள்குழாயை உருவினேன். உள்ளே பனங்கருப்பட்டிப் பாகு காய்ந்தது மாதிரி பழுப்பாக ஒரு முழுக் கட்டி. உருவின அடுத்த மூச்சில் அவர் நெஞ்சு தூக்கியது. “இது கழட்டுறதா?” என்று அந்தப் பையன் கேட்டான். அப்பாவை டிஸ்சார்ஜ் செய்து பதினோரு நாளாகியிருந்தது. உள்ளே இன்னொரு குழாய் இருப்பதையே அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். சில்வர் டியூப்பில் பெரும்பாலும் குழாய்க்குள் குழாய் இருக்கும். வெளிக்குழாய் கழுத்தில் நாடா கட்டி நிற்பது. அதை நீங்கள் தொட வேண்டாம். உள்குழாய் கழற்றிக் கழுவுவதற்கென்றே செய்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒரு கையால் வெளிக்குழாயின் இறக்கையை அழுத்திப் பிடித்து, மறு கையால் பூட்டைத் திருப்பி, வளைவின் போக்கிலேயே உள்குழாயை உருவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சின்ன பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, ஆறவிட்டு உதறி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும், கரை எதுவும் நிற்கக் கூடாது. நாளைக்கு மூன்று தடவை. கச்சான் காற்று அடித்து மணல் பறக்கிற நாளில் இன்னும் ஒரு தடவை. உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, அது வேண்டாம். குடிதண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கப்போட்ட நேரத்தில் வெளிக்குழாய் வெறுமனே நிற்கும். அதிக நேரம் விட்டால் அதிலும் சளி படியும். அதே அளவில் இன்னொரு உள்குழாய் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கிடைத்தால் ஒன்று கழுத்தில், ஒன்று அடுப்பில் என்று மாற்றிக்கொள்ளலாம்.

இந்த சில்வர் டியூப்பை இன்றும் ஜாக்சன் டியூப் என்றே கடைகளில் கேட்டு வாங்குகிறோம். செவாலியர் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவர், 1865-ல் பிறந்து 1958-ல் மறைந்தவர். மூச்சுக்குழலில் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். மனிதர்கள் விழுங்கியும் மூச்சில் இழுத்தும் உள்ளே சிக்கவைத்துக்கொண்ட பொருட்களை எடுத்து எடுத்துச் சேர்த்துவைத்தார். ஊக்கு, பட்டன், காசு, எலும்பு என்று 2,374 உருப்படிகள் பிலடெல்பியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. வாய் உள்ளவர்கள் எதையெல்லாம் வாயில் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டிய இடம்.

நாடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடிச்சு போடுவதில் கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் பாடம் நடத்த முடியாது. ஆனால் நைலான் நூலால் கட்டாதீர்கள். ஒருவர் வலை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார், நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. பருத்தி நாடா போதும். கழுத்துக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். முடிச்சு பக்கவாட்டில் இருக்கட்டும், பின்கழுத்தில் போட்டால் படுக்கும்போது உறுத்தும். சட்டென்று அவிழும் சுருக்கு வேண்டாம். நாடா மாற்றும்போது இரண்டு பேர் இருங்கள், ஒருவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டியூப் வாய்க்கு முன்னால் ஈரமான காஸ் துணியைத் தொங்கவிடுங்கள், மூக்கு செய்த வேலையில் பாதியை அது செய்யும். காய்ந்தால் நனையுங்கள். பஞ்சு ஆகாது, இழை பிரிந்து உள்ளே போகும். முகப்பவுடர் ஆகாது. பனைமட்டை எரிக்கிற அடுப்புப் பக்கம் அவர் உட்காரக் கூடாது. கருவாடு காயப்போடுகிற இடத்திலும் உட்காரக் கூடாது. உப்புத் தூசி ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் ஈ. கழுத்து ஓட்டையில் ஈ உட்கார்ந்து புழு வைத்து, அதை நாங்கள் எடுத்த கதையெல்லாம் உண்டு. சாப்பிடுகிற நேரம் பார்த்து அதை விவரிக்க மாட்டேன்.

மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, திணறினாலோ முதல் வேலை உள்குழாயை உருவுவது. யோசிக்காதீர்கள், உருவுங்கள். அதற்குப் பிறகும் திணறினால் 108. டியூப் முழுதாகவே வெளியே வந்துவிட்டால், இரண்டு மாதம் ஆன வழி உடனே மூடிவிடாது. நிமிர்த்தி உட்காரவையுங்கள், ஓட்டையை மறைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பலவந்தமாகத் திரும்பச் சொருகப் பார்க்க வேண்டாம். அவருக்கு எந்த அளவு டியூப் என்று இறக்கையில் பொறித்திருக்கும், ஒரு சீட்டில் எழுதி வாசல் கதவில் ஒட்டிவையுங்கள்.

இனி அந்தத் தண்ணீர் விஷயம். நம் வீட்டில் புரை ஏறினால் “யாரோ நினைக்கிறாங்க” என்று உச்சந்தலையில் தட்டுவோம். தலையில் தட்டுவதால் எந்தக் குழாயிலும் எதுவும் நடக்காது, நடப்பது இருமலால்தான். விழுங்குகிற நொடியில் குரல்வளை மேலே எழுந்து முன்னால் நகர்கிறது. சற்று முன் உங்கள் விரலில் உணர்ந்த அந்த ஏற்றம் அதுதான். நாக்கின் அடியில் இருக்கிற மூடி மடங்கி வாசலை மறைக்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, அந்தக் கணம் மூச்சும் நிற்கிறது. உணவு பின்பக்கப் பாதையில் இறங்குகிறது. இந்த ஒழுங்கு அரை நொடி பிசகினால் புரை ஏறும். கழுத்தில் டியூப் இருக்கும்போது குரல்வளை முன்போல் தாராளமாக எழும்ப முடியாது. தலையில் அடிபட்டவர்களுக்கு விழுங்கும் ஒழுங்கே கொஞ்ச காலம் தடுமாறும். குடித்த தண்ணீர் டியூப் வழியாக வந்தது என்றால், அது தவறான வாசலில் இறங்கியிருக்கிறது. கொஞ்சம் வெளியே வந்தது, கொஞ்சம் நுரையீரலுக்குப் போயிருக்கும். காய்ச்சல், நிறம் மாறின சளி, நாற்றம், நெஞ்சில் களகளப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மருத்துவமனையில் நிறம் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து அது டியூப்பில் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கேமராவில் பார்ப்பார்கள். அதுவரை தண்ணீர், டீ, ரசம் மாதிரி ஓடுகிற எதுவும் நேரடியாக வேண்டாம். ஓடுகிற பொருள் விரைந்து இறங்கும், மூடி அடைவதற்குள் வாசலைத் தாண்டிவிடும். கெட்டியான கஞ்சி, கேப்பைக் கூழ், குழைந்த சோறு மெதுவாக நகரும், அடைக்க அவகாசம் கொடுக்கும். தண்ணீர்ச் சத்து அந்தக் கூழிலேயே போகட்டும். நேராக உட்காரவைத்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் லேசாகத் தாழ்த்தச் சொல்லி, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். முடித்த பிறகு அரை மணி நேரம் படுக்க வேண்டாம். கெட்டிக் கூழும் டியூப்பில் வந்தால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் உடனே கிளம்புங்கள். மீன் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் மீனில்லாமல் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும். சோதனையில் தேறிய பிறகு கொடுங்கள். காரல், மத்தி போன்ற முள்மீன்களை ஒதுக்கிவிட்டுச் சுறாவோ சீலாவோ. புட்டாக உதிர்த்தால் உலர்ந்த தூள் சிதறிப் புரை ஏறும், குழம்பு விட்டுப் பிசைந்து கொடுங்கள்.

இனி 15-ம் தேதி. போகக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் கோபப்படுவார், அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அண்ணே, நீந்தத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து வடகடலில் நீந்தியிருப்பீர்கள். நீந்துகிறவன் தலையைத் தூக்கி வாயால் மூச்செடுப்பான். உங்கள் மூச்சு வாசல் இப்போது வாயில் இல்லை, கழுத்தின் அடியில் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தாலும் கழுத்து தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கும். ஓர் அலை அடித்தால் போதும், இருமுவதற்குக்கூட நேரம் இருக்காது. கரையில் இடுப்பளவு நீரில் இறங்குவதற்கும் இதே தடைதான். வீட்டில் குளிக்கும்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் ஊற்ற வேண்டும். தலைக்கு ஊற்றுவதானால் குனிந்து, துணியால் ஓட்டையை மறைத்து, இன்னொருவர் ஊற்ற வேண்டும்.

இன்னொன்றும் அவருக்கு ஆச்சரியமாக இருக்கும். இப்போது அவரால் வலை இழுக்க முடியாது. கைக்குப் பலம் வந்த பிறகும் முடியாது. கரைவலை இழுக்கிறவர்களைக் கவனியுங்கள். பாட்டுக்கு நடுவில் இழுக்கிற நொடியில் ஒரு “ம்ஹும்” வரும். மூச்சைப் பிடித்து, குரல் நாண்களை அடைத்து, காற்றை நெஞ்சுக்குள் பூட்டுகிற சத்தம் அது. நெஞ்சு காற்றடைத்த டயர்போல் இறுகினால்தான் தோளும் முதுகும் அதில் ஊன்றி இழுக்க முடியும். டியூப் இருக்கும்போது மேலே எவ்வளவு அடைத்தாலும் கீழே காற்று கசிந்துவிடும். ஐஸ் பெட்டி தூக்க முடியவில்லை, மலம் கழிக்க முக்க முடியவில்லை என்று டியூப் வைத்தவர்கள் சொல்வதெல்லாம் இதனால்தான். ஆண்பிள்ளைக்குச் சத்து போய்விட்டது என்று ஊரில் யாராவது பேசினால், பஞ்சரான டயர் என்று சொல்லுங்கள். பஞ்சரை ஒட்டலாம்.

டியூப்பை எடுக்கவே முடியாது என்று சொன்னவர்கள் யாரென்று தெரியவில்லை. குரல்வளையையே புற்றுநோய்க்காக எடுத்துவிட்டவர்களுக்கு அந்த ஓட்டை ஆயுளுக்கும் இருக்கும். அப்படி ஒருவரைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் கதை வேறு. அவருக்கு மிஷினில் மூச்சு கொடுக்க வாய்வழி டியூப் நெடுநாள் ஆனதால் கழுத்துக்கு மாற்றினார்கள். மிஷினை எடுத்தாகிவிட்டது. இருமிச் சளியைத் தானே வெளியேற்றுகிறாரா, எச்சிலைச் சரியாக விழுங்குகிறாரா, மேல்பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றும் சரியென்றால் டியூப் வாயை ஒரு மூடியால் அடைத்து ஒரு நாள், இரண்டு நாள் வார்டில் வைத்துக் கவனிப்பார்கள். மூக்கு வழியாகவே சுகமாகத் தூங்கி எழுந்தால் டியூப்பை உருவிவிடுவார்கள். தையல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. துணி வைத்துக் கட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் கட்டின்மேல் இரண்டு விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

மூடியபிறகும் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ஐசியுவில் இருந்தபோது வைத்த டியூப்பைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருந்திருக்கும். அது அதிகமாக அழுத்தியிருந்தால் உள்தோலுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகி, ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழாயைக் குறுக்கும். சில வாரம், சில மாதம் கழித்துத்தான் தெரியும். படி ஏறினால் மூச்சு வாங்குவது, இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் கொடுப்பார்கள், குறையாது. அப்போது “கழுத்தில் டியூப் வைத்திருந்தோம்” என்று நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்துத் தழும்பைக் காலர் மறைத்துவிடும்.

புண் முழுக்க ஆறி, மூச்சுப்பாதை சரி என்று நாங்கள் சொல்லி, தலைக்காயத்தைப் பார்த்த மருத்துவர் வலிப்பு பயம் இல்லை என்று அவர் பங்குக்கும் சொன்ன பிறகுதான் படகு. இந்தச் சீசனில் முதல் பயணம் தவறிப்போகும். அதற்காக மனத்தாங்கல் வேண்டாம். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்யலாம், காற்றுக்கு முதுகு காட்டி, கழுத்தில் ஈரத்துணியோடு.

குரலுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சில்வர் டியூப்பில் பலூன் கிடையாது, சுற்றிலும் கொஞ்சம் இடம் இருக்கும். மூச்சை டியூப் வழியாக இழுத்து, வெளியே விடும்போது சுத்தமான விரலால் டியூப் வாயை அடைத்தால் காற்று அந்த இடைவெளி வழியாக மேலே ஏறி நாண்களைத் தொடும். பலூன் ஊதிய டியூப்பில் இதைச் செய்யவே கூடாது, விட்ட மூச்சுக்குப் போக வழி இருக்காது. உங்கள் வீட்டில் முதல் தடவையாகச் செய்துபார்க்க வேண்டாம். மேல்பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே செய்யவைக்கச் சொல்லிக் கேளுங்கள். திணறினால் விரலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதலில் கரகரப்பாக, பாதிக் காற்றாக வரும்.

போகும்போது உங்கள் மாமியாரையும் கூட்டிப்போங்கள். அவர்களைப் பார்த்து “அம்மா” என்று சொல்லச் சொல்லுங்கள். உதட்டை மூடித் திறந்தால் போதும், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.